கதவு சாத்தாத நத்தைகள்

ஏரியின் நடுத்திட்டில் கருவேல மரங்கள் நின்றன. மரம் முழுக்க நத்தைகுத்தி நாரைகளின் கூடுகள். ஏரிக்குக் கிழக்கே நெல் வயல்கள். வயலில் நத்தைகள். நாரைகளுக்கு அதுதான் சோறு.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குஞ்சு பொரிக்கும் முன்பு, மேயப்போகும் வயலில் ஒரு நாரை மட்டும் இறங்கும். ஒரே ஒரு நத்தையைத் தின்னும். தின்றுவிட்டு வரப்பின்மேல் ஒற்றைக்காலில் நிற்கும். சூரியன் உச்சிக்கு வரும்வரை தூக்கிய கால் தரையைத் தொடக்கூடாது. தொடாவிட்டால் அது நல்ல வயல். தொட்டால் கூட்டம் வேறு இடம் பார்க்கும். இப்படித் தின்று பார்க்கும் நாரைக்கு 'முதல் வாய்' என்று பெயர்.

அந்தக் காலத்தில் அது நல்ல வழக்கம்தான். அழுகின தண்ணீரில் கிடந்த நத்தையைத் தின்றால் கொஞ்ச நேரத்திலேயே கால் தள்ளாடிவிடும். எத்தனையோ முறை கூட்டம் அதனால் பிழைத்திருக்கிறது. குறை சொல்ல முடியாது.

இப்போது முதல் வாயாக இருந்தவன் கல்வயிறன். கூட்டத்திலேயே பெரிய உடம்பு அவனுக்குத்தான். அவன் அப்பாவும் முதல் வாய், தாத்தாவும் முதல் வாய். அந்தப் பெருமை அவனைவிட ஒரு முழம் உயரமாக இருந்தது. மற்ற நாரைகள் வயலில் வந்து இறங்கும். அவன் மட்டும் எழுந்தருளுவான்!

அந்த வருஷம் நல்ல மழை. கல்வயிறன் கிழக்கு வயலில் எழுந்தருளினான். கூட்டம் கரையில் வரிசையாக நின்று பார்த்தது.

சேற்றில் நத்தைகள் கொழுத்துக் கிடந்தன. வழக்கமாக நாரையின் நிழல் பட்டதுமே நத்தை உள்ளே போய் மூடியைச் சாத்திக்கொள்ளும். அதை நெம்பித் திறப்பதற்குள் நாரைக்குக் கழுத்து வலித்துவிடும். இந்த நத்தைகளோ நிழல் பட்டும் சும்மா கிடந்தன. மூடி ஆவென்று திறந்திருந்தது.

"அட, கதவைக்கூடச் சாத்தலையே!" என்று கல்வயிறன் சிரித்தான். "நோகாம நொங்கு திங்கிறதுன்னா இதுதான்!"

ஒரு நத்தையை விழுங்கினான். ஒரு காலைத் தூக்கி நின்றான். வெயில் ஏறியது. உச்சி வந்தது. தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது.

"நல்ல வயல்!" என்று அறிவித்தான். நாரைகள் அலகைப் படபடவென்று தட்டி ஆரவாரம் செய்தன.

அப்போது வரப்பு வளையிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது. அதற்கு ஒரு கொடுக்குதான் மிச்சம். அதனால் ஒற்றைக்கையன் என்று பெயர்.

"அண்ணே, அவசரப்படாதீங்க!" என்றது நண்டு. "பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு மனுசன் முதுகுல டப்பாவைக் கட்டிக்கிட்டு வரான். பயிருக்கு மருந்தடிக்கிறான். அடிக்கிறவனே மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் அடிக்கிறான். இந்த வரப்புல நண்டு வளை நாப்பது இருந்துச்சு. இன்னைக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம்."

"உங்க ஆளுங்க செத்தா எனக்கென்ன? நத்தை சாகலையே!"

"சாகல. ஆனா மருந்தை உள்ள வாங்கி வெச்சுக்குது. கதவைச் சாத்தக்கூடத் தெம்பில்லாமக் கிடக்குது. அதைப் போய் நீங்க அதிர்ஷ்டம்ங்கிறீங்க!"

"நான் தின்னேன், நின்னேன். கால் ஆடுச்சா? நீயே சொல்லு!"

"ஒரு நத்தை தின்னீங்க, ஒரு பொழுது நின்னீங்க. நாளைக்கும் திங்கணும், நாளன்னைக்கும் திங்கணும். எறும்பு ஊரக் கல்லும் தேயும்ணே. வயிறு எம்மாத்திரம்?"

கல்வயிறனுக்குச் சுருக்கென்றது. அதற்குள் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு குரல் கொடுத்தது.

"பரம்பரை முதல் வாய்க்கு ஒரு நொண்டி நண்டு புத்தி சொல்லுதா! உங்க வயிறே சொன்னப்புறம் வேற சாட்சி எதுக்கு மகராசா?"

உடும்புக்கு நாரைகள்மேல் அப்படியொன்றும் பாசம் கிடையாது. கூடு இங்கே இருந்தால் குஞ்சு தவறிக் கீழே விழும். விழுந்தால் உடும்புக்குச் சோறு. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் 'மகராசா' என்ற சொல் கல்வயிறனுக்கு நத்தையைவிட ருசியாக இருந்தது.

"வளைக்குள்ள போய்ப் படு!" என்று நண்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவன் பறந்தான்.

குஞ்சுகள் பொரிந்தன. கல்வயிறனுக்கும் அவன் மனைவி சாம்பலிக்கும் மூன்று. பெரியவன், நடுவுள்ளவன், கடைக்குட்டிப் பெண். சாம்பலி விடிந்ததும் வயலுக்குப் போவாள், தொண்டை நிறைய நத்தைக்கறி கொண்டுவந்து கூட்டில் கக்குவாள். கதவு திறந்த நத்தை. எடுக்கவும் சுலபம், கொண்டுவரவும் சுலபம். குஞ்சுகள் மளமளவென்று சதை போட்டன. எல்லாக் கூடுகளிலும் இதே கதை. கண் பட்டுவிடும்போல இருந்தது.

பதினாறாம் நாள் காலையில் நடுவுள்ளவன் கழுத்தைத் தூக்கவில்லை. அலகு மட்டும் திறந்து திறந்து மூடியது. சாம்பலி இறக்கையால் பொத்திப் பொத்திப் பார்த்தாள். மத்தியானம் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. பிறகு நடுக்கமும் நின்றுபோனது. சாயங்காலம் ஒரு காற்று வீசியபோது உடம்பு கூட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. உடும்பு வாயில் கவ்விக்கொண்டு போனது.

அடுத்த நாள் பக்கத்துக் கூட்டில் ஒன்று. அதற்கடுத்த நாள் நாலு கூடுகளில்.

"பனி அதிகம்" என்றது ஒரு நாரை.

"யார் கண்ணோ பட்டுடுச்சு" என்றது இன்னொன்று.

"அம்மாக்காரிங்களுக்கு அடைகாக்கவே தெரியல" என்றது குஞ்சே இல்லாத ஒரு நாரை.

"நத்தையா இருக்குமோ?" என்று சாம்பலிதான் முதலில் கேட்டாள். எல்லாக் கழுத்துகளும் அவள் பக்கம் திரும்பின. "முதல் வாய் இன்னொரு தடவை நின்னு பாக்கட்டும்" என்று கூட்டம் முடிவு செய்தது.

கல்வயிறன் மறுபடி வயலில் இறங்கினான். ஒரு நத்தையைத் தின்றான். காலைத் தூக்கினான்.

வெயில் கொஞ்சம் ஏறியதுமே முழங்காலுக்குக் கீழே ஏதோ ஊர்வதுபோல இருந்தது. குனிந்து பார்த்தான். எறும்பு எதுவும் இல்லை. கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் எல்லாரையும்விட அதிகமாகத் தின்றதெல்லாம் இப்போதுதான் காலில் இறங்கியிருந்தது.

கரையில் கூட்டம் நிற்கிறது. அப்பா நின்ற வரப்பு, தாத்தா நின்ற வரப்பு. முதல் வாய் தள்ளாடினான் என்று ஊர் சொன்னால்? முதலில் நல்ல வயல் என்று சொன்னவனும் அவன்தானே, அந்தப் பேச்சு என்னாகும்?

நத்தை தேடுகிறவனைப்போலக் குனிந்தான். அலகை வரப்போரச் சேற்றில் ஆழமாக ஊன்றினான். ஒரு கால், ஒரு அலகு. இரண்டு ஊன்றுகோல்! கரையிலிருந்து பார்த்தால் ஒற்றைக்காலில் நிற்பதாகத்தான் தெரியும். இப்படியே உச்சிவரை ஓட்டினான்.

"நத்தை நல்லாத்தான் இருக்கு!" என்றான்.

சொன்னபோது குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கூட்டுக்குத் திரும்பினான். சாம்பலி காத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மறைக்காமச் சொல்லுங்க. இன்னைக்குக் கால் ஆடுச்சா?"

"ஆடல."

"நான் நினைச்சுப் பார்த்தேங்க. நீங்க ஒரு நத்தையைத் தின்னு ஒரு பொழுது நின்னீங்க. பெரியவனுக்கு இருபது நாளா தினம் பதினஞ்சு நத்தை ஊட்டியிருக்கேன். அவன் உங்க உடம்புல கால்வாசிகூட இல்ல. கடைக்குட்டி அதுலயும் பாதி. உங்களுக்குத் தாங்குறது இதுங்களுக்குத் தாங்குமா?"

கல்வயிறன் இறகைக் கோதுவதுபோலத் தலையை ஒளித்துக்கொண்டான்.

"மேற்கே பாறை ஏரி இருக்கே" என்றாள் சாம்பலி. "அங்க கரை முழுக்க நண்டு ஓடுது, நானே பார்த்தேன். நத்தை கம்மிதான், தூரமும் அதிகம்தான். அங்க போய்க் கொண்டுவரட்டுமா?"

"எதுக்கு வீண் அலைச்சல்? நான்தான் நின்னு பார்த்துட்டு வந்தேனே!"

அவள் குஞ்சுகளின் பக்கம் திரும்பினாள்.

"சரி. நீங்க சொன்னா ஊட்டுறேன்."

அன்று சாயங்காலம் அவள் ஊட்டிய ஒவ்வொரு வாயையும் கல்வயிறன் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவன் முண்டியடித்துக்கொண்டு தின்றான். கடைக்குட்டிக்கு மிச்சம் மீதிதான் கிடைத்தது. 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஊருக்கெல்லாம் முதல் வாயாக இருந்தவனுக்குப் பெற்ற பிள்ளைக்காக வாய் திறக்கவில்லை.

நாலு நாளில் பெரியவன் போனான். முந்தின நாள்தான் கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்திருந்தான். விடியும்போது கழுத்தை விளிம்புக்கு வெளியே தொங்கப்போட்டுக் கிடந்தான். சாம்பலி அழவில்லை. கீழே விழாமலிருக்க அவன் உடம்பைக் கூட்டின் நடுவுக்கு இழுத்து இழுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். பார்க்க முடியவில்லை.

கல்வயிறன் மரத்தைவிட்டுக் கீழே இறங்கினான். வேரடியில் ஒரு கெட்ட நாற்றம் அடித்தது. எட்டிப் பார்த்தான்.

உடும்பு மல்லாந்து கிடந்தது. பிடித்தால் விடாத அந்தக் கால்கள் எதையும் பிடிக்க முடியாமல் விரிந்திருந்தன. வயிறு மட்டும் நன்றாகக் கொழுத்திருந்தது.

பக்கத்தில் ஒற்றைக்கையன் உட்கார்ந்திருந்தது. வயலில் இருக்க முடியாமல் அது ஏரிக்கே வந்துவிட்டது.

"இவனுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டான் கல்வயிறன்.

"பனியும் வரல, கண்ணும் படலண்ணே" என்றது நண்டு. "இவன் நத்தை பக்கமே போனதில்ல. உங்க குஞ்சுங்களை மட்டும்தான் தின்னான். மருந்து பயிர்ல இருந்து நத்தைக்கு வந்துச்சு. நத்தையில இருந்து குஞ்சுக்கு வந்துச்சு. குஞ்சுல இருந்து இவனுக்கு."

கல்வயிறன் மேலே கூட்டைப் பார்த்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" நண்டு குரலைத் தணித்தது. "அன்னைக்கு உங்க அலகு சேத்துல எவ்வளவு ஆழம் இறங்கியிருந்துச்சுன்னு நான் வளைக்குள்ள இருந்து பார்த்தேன்."

"அப்பவே கூட்டத்துக்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நண்டு சொன்னா நம்புவாங்களா? நீங்கதான் சொல்லணும்."

கல்வயிறன் கூட்டத்தைக் கூட்டினான். உடும்பைக் காட்டினான். அப்போதும் சில நாரைகள் தலையை ஆட்டின.

"உடும்புக்கு வயசாயிடுச்சு" என்றது ஒன்று.

"இவ்வளவு சுலபமாக் கிடைக்கிற சோத்தை விட்டுட்டுப் பாறை ஏரிக்கு யாரு போறது?" என்றது மற்றொன்று. "முதல் வாய் மறுபடி நின்னு காட்டட்டும். கால் ஆடினாப் போயிடலாம்!"

"சரி, வாங்க" என்றான் கல்வயிறன். "கரையில நிக்காதீங்க. பக்கத்துல வந்து நின்னு பாருங்க."

வரப்பைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அவன் ஒரு நத்தையைத் தின்றான். காலைத் தூக்கினான். கொஞ்ச நேரம்தான். ஊர்வதுபோல இருந்தது, பிறகு ஆட ஆரம்பித்தது. சேறு பக்கத்திலேயே மெத்தென்று இருந்தது. அலகை இறக்கினால் போதும்.

கல்வயிறன் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்து நின்றான்.

தூக்கிய கால் கீழே விழுந்தது. அதோடு அவனும் விழுந்தான்.

"போன தடவையே ஆடுச்சு" என்றான், விழுந்த இடத்திலிருந்தே. "அலகை ஊனிக்கிட்டு நின்னேன். நத்தை நல்லாயிருக்குன்னு பொய் சொன்னேன். அவமானத்துக்குப் பயந்து சொன்னேன்."

யாரும் அலகைத் தட்டவில்லை. ஒரு தாய் நாரை மட்டும் முன்னால் வந்தது. அதன் கூட்டில் இப்போது எதுவும் இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணாவது மிஞ்சியிருக்குமே!" என்றது அது.

கல்வயிறன் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னான்.

"பாறை ஏரிக்குப் போங்க. முதல்ல கரையில நண்டு ஓடுதான்னு பாருங்க. அப்புறம் நத்தை கதவைச் சாத்துதான்னு பாருங்க. நெம்பித் திறக்கக் கழுத்து வலிக்கணும். வலிக்காமக் கிடைச்சாத் தொடாதீங்க. இனிமே என்னை மாதிரி ஒரு தடியனை நிக்க வெச்சுப் பாக்காதீங்க. கூட்டுலயே சின்னது எதுவோ அதைப் பாருங்க, தினமும் பாருங்க."

கூட்டம் கிளம்பியது. பறக்கத் தெரிந்த குஞ்சுகள் உடன் போயின. சின்னக் குஞ்சு உள்ளவர்கள் மட்டும் கருவேல மரத்திலேயே தங்கி, பாறை ஏரிக்குப் போய்ப் போய் இரை கொண்டுவந்தார்கள். போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது. முன்பு ஒரு குஞ்சுக்கே பதினைந்து நத்தை கொண்டுவந்த இடத்தில் இப்போது மூன்று. கடைக்குட்டி பசியில் கத்திக்கொண்டே இருந்தது. கத்துகிறதே என்று சாம்பலிக்கு அதுவே ஆறுதல்.

கல்வயிறனால் வரப்பைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. சாம்பலி தினமும் அவன் தலைக்குமேலேதான் பறந்து போனாள், வந்தாள். இரண்டு நாள் இறங்கவே இல்லை. கோபம் அத்தனை இருந்தது. இருக்காதா?

மூன்றாம் நாள் இறங்கினாள். அலகில் முழுசாக ஒரு நத்தை இருந்தது. அவன் முன்னால் அதை வைத்தாள். பாறை ஏரி நத்தை. சின்னது. மூடியை இறுக்கச் சாத்திக்கொண்டிருந்தது.

"தின்னுங்க" என்றாள்.

கல்வயிறன் அலகைக் கொண்டுபோனான். மூடியின் விளிம்பில் வைத்து நெம்பினான். கழுத்தில் வலு இல்லை. அலகு வழுக்கி வழுக்கிப் போயிற்று. எத்தனையோ ஆயிரம் நத்தையைத் திறந்த அலகு அது. சாம்பலி திறந்து கொடுக்கக் குனிந்தாள்.

"வேணாம், திறக்காதே" என்றான் அவன். "நல்லா சாத்தியிருக்கு. நல்ல நத்தை. பாப்பாவுக்குக் கொண்டுபோ."

சாம்பலி நிமிர்ந்தாள்.

"பசியில கத்துறது இங்க வரைக்கும் கேக்குது" என்றான். "கொண்டுபோ புள்ள."

அவள் நத்தையை எடுத்துக்கொண்டு பறந்தாள். சற்று நேரத்தில் ஏரித் திட்டில் கத்தல் அடங்கியது. கல்வயிறன் அதைக் கேட்டுக்கொண்டே வரப்பில் தலையைச் சாய்த்தான். மறுநாள் அவள் அந்த வழியே போனபோது தலை சாய்ந்தபடியே இருந்தது. பருந்தும் காக்கையும்கூட அவனைத் தொடவில்லை. ஒற்றைக்கையன் ஏரியிலிருந்து வரப்புக்கு வந்து, தன் ஒற்றைக் கொடுக்கால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு மூடப் பார்த்தது. அந்தப் பெரிய உடம்பை மூட அதனால் ஆகவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குட்டி பறந்தது. பாறை ஏரியில் இறங்கி நண்டுகளுக்கு நடுவே நடந்தது. நத்தையை நெம்பித் திறக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் மற்ற நாரைகளைப்போல ஒற்றைக்காலில் நிற்க மட்டும் அதற்குக் கடைசிவரை வரவில்லை. தூக்கினால் மற்ற கால் நடுங்கும், உடனே இறக்கிவிடும். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை.

பெரிய வயிறு ஒன்று ஒரு பொழுது தாங்கியதை வைத்து, சின்ன வயிறுகள் நாள்தோறும் தின்னும் சோற்றை நல்லது என்று சொல்லிவிடக்கூடாது. சந்தேகம் வந்த பிறகு மானத்துக்குப் பயந்து அதை மறைப்பவன், தன் கையாலேயே நஞ்சு ஊட்டியவன் ஆவான்.